தண்ணீருக்கு வழி விடுங்கள்: காட்டுச் சைக்கிள் பாதை பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரின் புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அது காடு. அந்தக் காட்டுக்குள் மலைச் சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன. அவற்றை வெட்டியதிலும் பராமரிப்பதிலும் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற இடங்களிலும் குடியிருப்பை ஒட்டிய காடுகளில் இப்படிப் பாதைகள் உண்டு. அவற்றைக் காப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு, பாதை வேலையில் பழக்கப்பட்டவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பாதையில் ஒவ்வொரு பெருமழைக்கும் நடுவில் வாய்க்கால் விழுகிறது. மூட்டை மூட்டையாக மண் சுமந்து நிரப்புகிறோம். அடுத்த மழையில் எல்லாம் போய்விடுகிறது. எந்த மண்ணைப் போட்டால் நிற்கும்?

எந்த மண்ணும் நிற்காது. தண்ணீர் பாதையை விட்டு வெளியேறாதவரை நீங்கள் போடும் மண் அடுத்த மழையோடு பள்ளத்துக்குப் போய்ச் சேரும். மூட்டை சுமப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஏன் பாதையிலேயே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

புதிதாக வெட்டிய பாதை பள்ளப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். மேட்டிலிருந்து வரும் நீர் அதைக் குறுக்கே கடந்து கீழே போகும். சில மாதங்கள் சக்கரம் ஓடியதும் நடுப்பகுதி அமுங்கும், ஓரத்துக்கு ஒதுங்கிய மண் அங்கேயே வரப்பாக நிற்கும். வரப்பு எழுந்தபின் குறுக்கே போக வேண்டிய நீர் நெடுக்கே ஓடுகிறது. ஓடும் தூரம் கூடக்கூட அளவும் வேகமும் கூடுகின்றன, அரிப்பும் கூடுகிறது. உங்கள் வாய்க்கால் அப்படித்தான் விழுந்தது.

நல்ல மழை பெய்யும்போது, இடி இல்லாத நாளாகப் பார்த்து, குடையோடு பாதையை நடந்து பாருங்கள். நீர் எங்கே உள்ளே நுழைகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எங்கே தானாக வெளியேறப் பார்க்கிறது என்று மூன்று இடங்களிலும் குச்சி நட்டு வையுங்கள். வெயில் நாளில் ஊகித்து வெட்டும் வடிகால் பாதிக்கு மேல் தவறான இடத்தில்தான் விழும்.

பிறகு வேலையை மேலிருந்து தொடங்குங்கள். கீழே எவ்வளவு செய்தாலும் மேலே வெளியேற்றாத நீர் வந்து கெடுத்துவிடும். பள்ளப்பக்க வரப்பை முழு நீளத்துக்கும் வெட்டி எடுங்கள். ஆங்காங்கே வாய் திறந்துவிட்டு மீதியை விட்டால் ஒரு மாதத்தில் அந்த வாயும் அடைந்துவிடும். வரப்பிலிருந்து கிடைக்கும் சுத்தமான மண்ணை நடுக்குழியில் போட்டு இறுக்கலாம். இலை, வேர், மக்கு கலந்த மண் வேண்டாம், அது நீரை உறிஞ்சி சேறாகும். பாதைக்கு வெளிவாட்டம் நூற்றுக்கு 5 போதும். 80 சென்டிமீட்டர் அகலப் பாதையில் உள்ளோரத்தைவிட வெளியோரம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

வாட்டம் மட்டும் நெடுநாள் நிற்காது, சக்கரம் அதைத் திரும்பவும் குழிக்கும். ஆகவே இடையிடையே மடை வெட்டுங்கள். சரிவு குறைந்த இடத்தில் அரைவட்ட மடை போதும். பாதை நீளத்தில் 3 மீட்டர், நடுவில் வெளிவாட்டம் நூற்றுக்கு 15, வெளிவாய் பாதையைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டராவது நீள வேண்டும். அந்த வெளிவாய் பாதையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் விட்டால் மடையே குட்டையாகிவிடும்.

சரிவு கூடிய இடத்தில் அரைவட்ட மடையை நீர் தாண்டிப் போய்விடும். அங்கே இறங்கி ஏறும் பள்ளம் வேண்டும். பாதை 4 மீட்டர் நீளத்துக்குச் சீராக இறங்கி, அடியில் மடை, பிறகு 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு. பள்ளத்திலிருந்து மேட்டின் உச்சி, இறுக்கியபின், 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சைக்கிளோட்டிக்கு அது ஒரு மெல்லிய அலையாகவே தெரியும், பிரேக் பிடிக்கத் தேவையிருக்காது. செங்களி மண்ணும் நூற்றுக்கு 10 சரிவும் உள்ள இடத்தில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்று தேவைப்படும்.

பலர் குறுக்கே ஒரு கட்டையைப் புதைத்து நீரைத் திருப்பப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கட்டையின் பின்னால் வண்டல் சேர்ந்ததும் நீர் மேலேறி ஓடும், இல்லாவிட்டால் முனையைச் சுற்றிக்கொண்டு போகும். ஈரக் கட்டையில் முன்சக்கரம் சாய்வாகப் பட்டால் ஆள் விழுவார். நம் ஈரத்தில் கட்டை விரைவில் உளுத்தும் போகும்.

இவ்வளவும் முடிந்தபின் வாய்க்காலை நிரப்புங்கள். அப்போது போடும் மண் நிற்கும்.

கிள்ளான் வாசகர்: சேறான இடத்தில் சிமெண்ட் ஊற்றினால் ஒரேயடியாகத் தொல்லை தீர்ந்துவிடாதா?

தீராது. அடிமண் அசைய சிமெண்ட் வெடிக்கும், ஓரத்தில் நீர் சுரண்டும், வெடித்த துண்டின் கூர்விளிம்பு சக்கரத்தையும் முழங்காலையும் கிழிக்கும். பின்னால் பாதையை மாற்றவேண்டி வந்தால் அதை அகற்றவும் முடியாது. ஆற்றுக் கூழாங்கல்லும் வேண்டாம், அது உருண்டு ஒதுங்கும். கல்குவாரியில் கிடைக்கும் தூள் கலந்த உடைகல், அதாவது கிரஷர் ரன், 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத அளவில் வாங்குங்கள். ஈரப்படுத்தி, 10 சென்டிமீட்டர் கனத்துக்குத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்குங்கள். ஒரு மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு கன மீட்டர் கணக்கு வரும். இறுகும்போது கனம் குறையும், ஆகவே கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். வடிகால் வெட்டாத இடத்தில் இதுவும் சேற்றுக்குள் அமிழ்ந்துவிடும்.

காஜாங் வாசகர்: எங்கள் காட்டில் ரப்பர் நட்ட காலத்துப் படிமேடைகள் குன்றைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. வெட்டாமலே கிடைத்த பாதை என்று அவற்றிலேயே ஓட்டுகிறோம். ஆனால் எப்போது பார்த்தாலும் சேறு. ஏன்?

அந்த மேடைகளை வெட்டியவர்கள் நீரைத் தேக்குவதற்காகவே வெட்டினார்கள். ரப்பர் மேடையின் வாட்டம் உட்பக்கமாக, குன்றின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழைநீரும் உரமும் கீழே ஓடிவிடாமல் மரத்தடியில் நிற்க வேண்டும் என்பது தோட்டத்தின் தேவை. பல தோட்டங்களில் வண்டல் பிடிக்க இடையிடையே மண்குழியும் வெட்டியிருப்பார்கள். இலை மூடிக் கிடக்கும் பல பள்ளங்கள் அவைதான். அந்தச் சரிவுகளில் மண்வெட்டி பிடித்த கைகளில் பல நம் தமிழர்களுடையவை. மேடை நேர்த்தியாக வெட்டப்பட்டிருப்பதால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

பாதைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வாட்டம். மேடையின் சமதளம் பயன்படும், உள்வாட்டத்தை மட்டும் மாற்ற வேண்டும். மேடையின் வெளி உதட்டை வெட்டி, அந்த மண்ணை உட்பக்கக் குழியில் போட்டு, 10 சென்டிமீட்டர் அடுக்காக இறுக்குங்கள். நூற்றுக்கு 5 வெளிவாட்டம் வரும்வரை செய்யுங்கள். உதடு தடித்திருந்தால் முழு நீளத்தையும் வெட்டுவது பெரிய வேலை. அப்போது 8 முதல் 10 மீட்டருக்கு ஒரு மடை திறந்தாலும் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேடை முழுக்க மட்டமாகவே ஓடும். ஏற்ற இறக்கம் இல்லாததால் நீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். ஒரே மேடையில் நெடுந்தூரம் போகாதீர்கள். 20, 30 மீட்டர் போனதும் மெல்லச் சாய்ந்து அடுத்த மேடைக்கு இறங்குங்கள், பிறகு சற்றே ஏறுங்கள். ஓட்டுவதற்கும் அதுதான் சுவை. மண்குழிகளை மூடிவிடாமல் மடைநீரை அவற்றுக்குள் விடுங்கள். கீழே ஓடையைக் கலக்கும் வண்டல் அங்கேயே தங்கும்.

ஈப்போ வாசகி: புதிய பாதைக்கு வழி குறிக்கப் போகிறோம். சரிவு எவ்வளவு இருக்கலாம்? அதை எப்படி அளப்பது? எங்களிடம் கருவி எதுவும் இல்லை.

இரண்டு அளவுகளை மனத்தில் வையுங்கள். பாதையின் சராசரிச் சரிவு நூற்றுக்கு 10ஐத் தாண்ட வேண்டாம். அதோடு, பாதையின் சரிவு அந்த இடத்தில் குன்றுக்குள்ள சரிவில் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குன்றின் சரிவு நூற்றுக்கு 16 என்றால் பாதை 8க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நீருக்குக் குறுக்கே போவதைவிடப் பாதையோடு ஓடுவதே எளிதாகிவிடும். மென்சரிவு நிலத்தில் பாதைகள் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான். செங்குத்தான சரிவில் வெட்டுவது கடினம், ஆனால் அங்கே பாதை நிலைக்கும்.

அளக்க 2 மீட்டர் நேர்ச்சட்டமும் கொத்தனாரின் ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையை மட்டம் வரும்வரை தூக்குங்கள். தூக்கிய இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால் சரிவு நூற்றுக்கு 10. கைப்பேசியிலும் சாய்வு காட்டும் செயலிகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் பாகையில் காட்டும். 10 பாகை என்று பார்த்து நூற்றுக்கு 10 என்று எடுத்துக்கொண்டால் பாதை ஏறத்தாழ இரு மடங்கு செங்குத்தாகிவிடும். நூற்றுக்கு 10 என்பது 6 பாகைக்கும் சற்றுக் குறைவு.

மேலே எங்கே தொடங்குகிறது, கீழே எங்கே முடிகிறது, இடையில் எதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும் (ஓடைக்கரை, சதுப்பு, பெருமரத்தடி) என்று முதலில் தீர்மானியுங்கள். பிறகு 3 மீட்டருக்கு ஒரு நாடா கட்டிக்கொண்டே போங்கள். இரு திசையிலும் நடந்து பார்த்து, ஒரு மழைக்குப் பின் திரும்பவும் நடந்து பார்த்து, நாடாக்களை மாற்றிக் கட்டுங்கள். மண்வெட்டியை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். நாடாவை நகர்த்துவது ஒரு நிமிட வேலை, வெட்டிய பாதையை நகர்த்துவது ஒரு மாத வேலை.

வெட்டும்போது பாதையின் முழு அகலமும் வெட்டிய கெட்டித் தரையில் அமைய வேண்டும். பாதி வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மறுபாதியை அமைத்தால் வெளிப்பாதி முதல் பெருமழையிலேயே சரியும். 80 சென்டிமீட்டர் அகலப் பாதையை நூற்றுக்கு 40 சரிவுள்ள குன்றில் வெட்டினால் உள்ளோரத்தில் 28 சென்டிமீட்டர் ஆழம் வரும். மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு தள்ளுவண்டி மண் கிடைக்கும். அதைப் பள்ளப்பக்கம் இரண்டு மீட்டருக்கு அப்பால் பரவலாக வீசுங்கள். ஓரத்திலேயே விட்டால் முதல் நாளே வரப்பு கட்டியதாகிவிடும். உட்பக்க வெட்டைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் செதுக்கி, மேலே இலைச்சருகு பரப்புங்கள்.

சிரம்பான் வாசகர்: ரப்பர் வேர்கள் மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன. வழுக்கி விழுகிறார்கள். வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். அங்கே வேர் மேலே வரவில்லை, மண்தான் கீழே போயிருக்கிறது. வேர்தான் மிச்ச மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை வெட்டினால் அடுத்த மழையில் மண்ணும் போய், காற்றில் மரமும் சாயும். ரப்பர் மரம் இயல்பிலேயே காற்றுக்கு எளிதில் முறியக்கூடியது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளை வேர் நோய் தெரிந்திருக்கும். அந்தப் பூஞ்சை ஒரு மரத்தின் வேரிலிருந்து தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த மரத்தின் வேருக்குப் பரவும், புதிதாக வெட்டிய அடிக்கட்டையிலும் வந்து குடியேறும். வேரைக் காயப்படுத்தாமல் இருப்பது மரத்துக்கு நல்லது, அந்த மரத்தடியில் ஓட்டுபவர்களுக்கும் நல்லது.

பாதைக்குக் குறுக்கே செங்குத்தாகப் போகும் வேர் ஆபத்தில்லை, அது பாதைக்கு ஒரு குணத்தையும் தருகிறது. பாதையோடு சாய்வாக ஓடும் வேர்தான் சக்கரத்தை இழுத்துத் தள்ளும். அந்த இடத்தில் பாதையை மேட்டுப்பக்கமாக இரண்டு மூன்று மீட்டர் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மேலிருந்து வரும் நீரை முதலில் திருப்பிவிட்டு, வேர்களுக்கிடையே கல் பதியுங்கள். 15 முதல் 30 சென்டிமீட்டர் அளவுள்ள, கோணமுள்ள கற்கள் வேண்டும். கீழ் முனையில் ஆகப் பெரிய கல்லை நங்கூரமாகப் புதைத்து, அங்கிருந்து மேல் நோக்கி வாருங்கள். ஒவ்வொரு கல்லின் நீளப்பக்கமும் கீழ்நோக்கி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். காலால் ஏறிக் குதித்துப் பாருங்கள். ஆடுகிற கல்லைப் பிடுங்கி மறுபடி பதியுங்கள், சிறு கல்லைச் சந்தில் அடித்துச் சமாளிக்காதீர்கள். ஓடையிலிருந்து கல் எடுக்க வேண்டாம், கரை அரிக்கும். வேரின் மேல் கனமாக மண் கொட்டி மூடினால் வேர் மூச்சு முட்டும், அந்த மண்ணும் நிற்காது.

பினாங்கு வாசகர்: ஓடையைக் கடக்க மரப்பாலம் கட்டலாம் என்றிருக்கிறோம். ரப்பர் பலகை மலிவாகக் கிடைக்கிறது.

ரப்பர் பலகை வீட்டு மேசை நாற்காலிக்கு நல்லது. வெளியில் மழையில் போட்டால் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் தின்றுவிடும். வெளியில் நிலைத்து நிற்பது செங்கால் (chengal) என்னும் வன்மரம். விலை அதிகம், கனமும் அதிகம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைத்தால் விடாதீர்கள். கெம்பாஸ் மரத்தை மருந்தேற்றி வாங்கினால் பயன்படுத்தலாம்.

அதற்கு முன் பாலம் தேவைதானா என்று யோசியுங்கள். சாதாரண நாளில் கணுக்கால் அளவே நீர் என்றால், ஓடைப்படுகையில் தட்டைக் கற்களைப் பதித்து ஒரு துறை அமைப்பதே மேல். இரு கரையிலும் பாதை ஓடையை நோக்கி இறங்கும் கடைசி 5 மீட்டரைக் கல்லால் இறுக்கிவிட்டால் வண்டலும் ஓடையில் சேராது. துறைக்குப் பராமரிப்பு குறைவு. பாலத்தை ஆண்டு முழுதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாலம்தான் வேண்டும் என்றால் நேராகக் கட்டுங்கள். பாலத்தின் மேல் திருப்பம் வேண்டாம், நுழையும் முன்னும் 5 மீட்டர் நேர்ப்பாதை இருக்கட்டும். அகலம் 90 சென்டிமீட்டர். பலகைகளைச் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்கே வையுங்கள். நெடுக்கே வைத்தால் சந்தில் சக்கரம் சிக்கும். பலகைக்கும் பலகைக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் வடியும், மரமும் ஊதி முட்டாது. ஆணி அடித்தால் ஈரத்தில் மரம் சுருங்கி விரிய ஆணி மேலே எழும்பும். துத்தநாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். நிழலில் இருக்கும் பலகையில் பாசி பிடிப்பது உறுதி. அதன்மேல் கோழிவலை விரித்து, வளைவாணி நெருக்கமாக அடியுங்கள். வலை தேய்ந்து கம்பி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். விழுந்து கையூன்றுபவரின் உள்ளங்கையைக் கிழிப்பது அந்த முனைதான்.

பாலத்தின் அடிச்சட்டம் மண்ணில் நேராகப் படக் கூடாது. இரு கரையிலும் கல்லின் மேலோ கான்கிரீட் துண்டின் மேலோ உட்கார வையுங்கள்.

ரவாங் வாசகர்: ஆண்டின் எந்த மாதம் என்ன வேலை செய்ய வேண்டும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருமழை இரண்டு முறை உச்சத்துக்கு வருகிறது, மார்ச் ஏப்ரல் ஒட்டி ஒருமுறை, அக்டோபர் நவம்பர் ஒட்டி ஒருமுறை. வடிகால் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ரப்பர்க் காட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலை கொட்டும், கொட்டிய இலையெல்லாம் மடை வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அடுத்து வரும் மழை நேராக அந்த அடைப்பில் வந்து மோதும். இலை கொட்டி முடிந்த கையோடு மடைகளை மட்டும் வாரிவிடுங்கள். பாதையின் மேல் கிடக்கும் இலையைப் பெருக்க வேண்டாம், மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காமல் காப்பது அதுதான்.

ஜூன், ஜூலை ஒப்பீட்டளவில் வறட்சியான மாதங்கள். பெரிய வெட்டு வேலை, பாதை மாற்றம், பாலம் எல்லாம் அப்போது. ஆனால் எலும்புபோல் காய்ந்த மண்ணை இறுக்க முடியாது. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், விரலிடுக்கில் நீர் கசிந்தால் காத்திருங்கள்.

சிங்கப்பூர் வாசகி: எங்கள் செஸ்ட்நட் பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை. அப்படிப் பிரிக்க இடமில்லாத சின்னக் காட்டில் மோதலை எப்படித் தவிர்ப்பது?

இடம் இருந்தால் பிரிப்பதே நல்லது, செஸ்ட்நட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இடமில்லாவிட்டால் வேகத்தைப் பாதையே கட்டுப்படுத்த வேண்டும், பலகை அல்ல. மணிக்கு 20 கிலோமீட்டரில் வருபவர் எதிரே ஆளைக் கண்டு, பிரேக் பிடித்து, ஈர மண்ணில் நிற்க ஏறத்தாழ 11 மீட்டர் ஆகும். எதிரிலும் ஒரு சைக்கிள் வந்தால் இரு மடங்கு. வளைவில் அத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள். தெரியாவிட்டால் வளைவின் உட்புறப் புதரைக் குறையுங்கள், அல்லது வளைவுக்கு முன்பே வேகம் தானாகக் குறையும்படி ஒரு சிறு ஏற்றம் அமையுங்கள். இரண்டு மரத்துக்கிடையே பாதையை ஒடுக்குவதும் பயன்படும். ஆனால் அதை நீண்ட இறக்கத்தின் முடிவில் வைக்காதீர்கள். அங்கே எல்லாரும் கடைசி நொடியில் பிரேக் இறுக்குவார்கள், மண் அலையலையாகப் பெயரும்.

நடப்பவருக்குச் சைக்கிளோட்டி வழிவிட வேண்டும், ஏறிவருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இதை நுழைவாயிலில் ஒரே பலகையில் எழுதுங்கள். இறக்கம் மட்டும் உள்ள பகுதியை ஒருவழியாக்கிவிடுங்கள்.

ஷா ஆலாம் மாணவர்: அண்ணா, வளைவில் சுவர்போல் மண் கட்டி வேகமாகத் திரும்ப ஆசை. எப்படிக் கட்டுவது? தாவுமேடும் வேண்டும்.

தம்பி, சாய்சுவர் கட்டலாம். இலையும் மக்கும் உள்ள மேல்மண்ணை முழுக்க ஒதுக்கிவிட்டு, அடியிலிருக்கும் செங்களியை எடு. 10 முதல் 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் இறுக்கு. மொத்தமாகக் குவித்து மேலே மட்டும் தட்டினால் வெளியே கெட்டியாகத் தெரியும், முதல் மழையில் உள்ளே நீர் புகுந்து பெயரும். தொடக்கத்துக்கு உயரம் 60 சென்டிமீட்டர் போதும். வளைவு சீராக இருக்கட்டும், நடுவில் திடீரென்று ஒடுங்கினால் சக்கரம் சுவரை விட்டு வெளியே போகும். சுவர் கட்டினால் அதன் அடியில் நீர் தேங்கும். ஆகவே சுவருக்கு மேலே, வளைவுக்குள் நுழையும் முன்பே ஒரு மடை வெட்டி நீரை வெளியேற்றிவிடு. இதைச் செய்யாத சாய்சுவர்களின் அடிவாரம் எல்லாமே சேற்றுக்குட்டைதான்.

தாவுமேட்டை நடுவில் பள்ளம் விடாமல் மேசைபோல் நிரப்பிக் கட்டு. தாவத் தெரியாதவர் அதன்மேல் உருண்டே போய்விடலாம். பக்கத்தில் சுற்றுவழியும் இருக்க வேண்டும். குழுவிடம் சொல்லாமல் இரவோடு இரவாகக் கட்டாதே. புதிதாக ஒரு தாவுமேடு இருப்பது தெரியாமல் வருபவர் கழுத்தை முறித்துக்கொள்வார், மொத்தப் பாதையும் மூடப்படும்.

சுங்கை பூலோ வாசகர்: பன்னிரண்டு பேர் கோத்தோங் ரோயோங்குக்கு, அதாவது கூட்டு உழைப்புக்கு, வருகிறார்கள். என்ன கருவி, எப்படிப் பிரிப்பது?

மண்வெட்டி ஐந்து, இரும்பு வாரி மூன்று, கடப்பாரை ஒன்று, கைரம்பம் இரண்டு, திமிசு இரண்டு, தள்ளுவண்டி ஒன்று, ரசமட்டத்தோடு ஒரு சட்டம். பாராங் கத்தி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், பழகியவரிடம். ஆளுக்கு ஆள் 3 மீட்டர் இடைவெளி கட்டாயம். புதிய வெட்டில் ஒருவர் மணிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் முடிப்பார், வேர் நிறைந்த களியில் அதுவும் குறையும். ஆகவே ஒரு காலைக்கு 20, 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, தொடங்கியதை முடித்துவிட்டு வாருங்கள். அரைகுறையாக வெட்டி விட்ட மண் அன்று மாலை மழையிலேயே கரையும்.

காலை 8 மணிக்குத் தொடங்கி 11.30க்கு முடியுங்கள். பிற்பகல் இடிமழை நம் வானத்தின் வழக்கம். முதல் இடி கேட்டதும் இரும்புக் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் காட்டை விட்டு வெளியேற வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது. சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பூட்ஸ், கையுறை அணியுங்கள், காயத்தை மூடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் காட்டுச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விழுந்த மரத்தை அறுப்பது தனி வேலை. இரு முனையும் ஊன்றிய மரத்தின் மேற்பக்கம் நெருக்குண்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு அடியிலிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் ஊன்றியிருந்தால் இதற்கு மாறாக, முதலில் அடியில், பிறகு மேலே. மேலிருந்தே முழுக்க அறுத்தால் முதல் வகையில் ரம்பம் சிக்கும், இரண்டாம் வகையில் மரம் பிளந்து அடிக்கும். எப்போதும் மேட்டுப்பக்கம் நில்லுங்கள். தொடையைவிடப் பெரிய மரத்தையும், மேலே கிளை தொங்கிக்கொண்டிருக்கும் மரத்தையும் சங்கிலி வாளில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

சுபாங் ஜெயா வாசகர்: இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா?

வேண்டும், எழுத்தில். நிலம் வனத்துறையுடையதா, நகராண்மைக் கழகத்துடையதா, தனியாருடையதா என்று முதலில் விசாரியுங்கள். நிலையான வனக்காப்பு நிலத்தில் மாநில வனத்துறையின் அனுமதியின்றி எதையும் வெட்டக் கூடாது. பாதை வரைபடம், செய்யப்போகும் வேலை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து அனுப்பிவைத்தால் அடுத்த அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

செலாயாங் வாசகர்: மழைக்குப் பின் எப்போது ஓட்டலாம்?

முதல் நூறு மீட்டர் நடந்து பாருங்கள். செருப்புத் தடம் அழுந்தி விளிம்பு எழும்பினால், அல்லது சக்கரத்தில் மண் ஒட்டி டயர் முட்களின் இடுக்கை மூடினால், அன்றைக்கு வேண்டாம். மேற்பரப்பு ஈரமாக இருந்தும் தடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பதியாவிட்டால் தாராளமாக ஓட்டலாம். குட்டையைக் கண்டால் அதன் நடுவிலேயே போங்கள். சுற்றிப் போனால் பாதை இரண்டு மூன்று மீட்டராக அகலும், குட்டையும் கூடவே வளரும். வீட்டுக்குப் போனதும் அந்தக் குட்டை இருக்கும் இடத்தைப் பராமரிப்புக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த மடை அங்கேதான் வெட்டப்பட வேண்டும்.